பழைய வீடு, பின்கட்டு, தோட்டம்: தங்கைகளுக்கு அக்காவின் டிப்ஸ்

குடியாத்தத்திலிருந்து பரதராமி போகிற வழியிலும், பேர்ணாம்பட்டு ரோட்டிலும், கே.வி.குப்பம் பக்கத்துக் கிராமங்களிலும் பெரிய பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. தெருப்பக்கம் திண்ணை, நடுவில் முற்றம், பின்னால் தறி போட்ட கொட்டகை அல்லது நெல் மூட்டை அடுக்கிய பின்கட்டு, அதற்கும் பின்னால் கிணறு, தென்னை, மா, ஒரு புளியமரம். பிள்ளைகள் பெங்களூரிலும் சென்னையிலும் வேலையில் இருக்கிறார்கள். அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு அந்த வீடு உன் கைக்கு வருகிறது. அல்லது விலைக்கு வருகிறது, ஆசைப்பட்டு வாங்குகிறாய். வந்தவுடனே கேட்கிற முதல் கேள்வி, "அக்கா, தரைக்கு என்ன டைல்ஸ் போடலாம், வெளியே என்ன கலர் அடிக்கலாம்?" என்பதுதான்.

அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். கையில் இருக்கிற பணம் முதலில் கண்ணில் படாத இடங்களுக்குப் போகட்டும்: கூரை, சுவரின் அடி, வடிகால், கிணறு, பத்திரம். இந்த ஐந்தும் சரியாக இருந்தால் உன் பேரப்பிள்ளைகளும் அந்த முற்றத்தில் விளையாடுவார்கள். இவற்றை விட்டுவிட்டுக் கிரானைட் பதித்தால் நாலைந்து மழைக்காலத்தில் அத்தனையும் வீண்.

மழைக்கு முன்னால் கூரை

நம் பக்கத்தில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் சிரசு புறப்பட்டு கோபாலபுரம் வருவதைப் பார்க்க வெளியூரில் இருக்கிற சொந்தமெல்லாம் வந்துவிடும். அதற்காகச் சித்திரையிலேயே வெள்ளையடிக்க ஆள் தேடி அலைகிறோம். வெள்ளையடிப்பதில் தவறில்லை. ஆனால் சிரசு முடிந்த கையோடு ஓட்டு வேலைக்கு ஆளைக் கூப்பிட்டுவிடு. வைகாசி, ஆனியில் முடித்துவிட்டால் ஆடி மழைக்கும் தாங்கும், ஐப்பசி அடைமழைக்கும் தாங்கும். முதல் மழை பெய்து ஒழுக ஆரம்பித்த பிறகு கூப்பிட்டால் எந்த ஆளும் கிடைக்க மாட்டார்.

ஓட்டைப் பிரித்து மேயும்போது உடைந்த ஓட்டை மாற்றுவது மட்டும் போதாது. அடியில் இருக்கிற ரீப்பர் சட்டங்களைத் தட்டிப் பார்க்கச் சொல். சத்தம் பொத்தென்று கேட்டால் உள்ளே கரையான் தின்றிருக்கிறது. மங்களூர் ஓடு இப்போதும் கிடைக்கும். 1865-ல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொடங்கிய அந்த ஓட்டுத் தொழில் நம் தமிழ்நாட்டுக் கூரைகளையே மாற்றியது. நாட்டு ஓடு கிடைப்பதுதான் கஷ்டம். பக்கத்து ஊரில் யாராவது பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் உடனே போய் ஓட்டை வாங்கிப் பின்கட்டில் அடுக்கி வை. காட்டோரக் கிராமங்களில் குரங்கு ஓட்டைத் தள்ளிவிட்டுப் போகும், அதற்குக் கையிருப்பு வேண்டும்.

மரக்கட்டை உத்திரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட பழைய மாடியாக இருந்தால் இன்னும் கவனம். ஒழுகுகிறது என்று மேலே மேலே சிமெண்ட் ஊற்றாதே, பாரம்தான் கூடும். முக்கியமாக, அதன் மேல் தண்ணீர்த் தொட்டி வைக்காதே. 1,000 லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன் எடை. அந்த எடையைத் தாங்குவதற்கு அந்தக் கூரை கட்டப்படவில்லை. தொட்டிக்குத் தரையிலிருந்தே தனியாக இரும்புத் தாங்கி எழுப்பு. உத்திரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில்தான் ஈரம் தங்கி மரம் முதலில் உளுக்கும். ஒரு திருப்புளியை எடுத்து அந்த முனைகளை நீயே குத்திப் பார். சுலபமாக இறங்கினால் தச்சரைக் கூப்பிட வேண்டிய நேரம் அது.

நனைந்த சுவரை நம்பாதே

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. 2021 நவம்பர் 19 காலையில், விடாத மழையில், பேர்ணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் இறந்துபோனார்கள். அதில் 4 பேர் குழந்தைகள். நமக்குப் பக்கத்து ஊர். அந்தச் செய்தியைப் படித்த யாரும் பழைய சுவரை அலட்சியமாகப் பார்க்கக் கூடாது.

சுவர் விழுவதற்கு முன்பு பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் விழும். மூலையில் மேலிருந்து கீழாக விரிசல் வரும். சுவரின் நடுவில் வயிறு தள்ளும். நேற்றுவரை சரியாகச் சாத்திய கதவு இன்று இடிக்கும். சுவரிலிருந்து மண் பொலபொலவென்று உதிரும். மழைக்காலத்தில் இதில் ஒன்றைப் பார்த்தாலும் அன்றைக்கு ராத்திரி அந்த அறையில் யாரையும் படுக்க விடாதே. காலையில் பார்க்கலாம் என்று நினைக்காதே. மழை நின்று வெயில் அடித்த பிறகும் ஆபத்து போய்விடாது. ஊறிய சுவர் காயும்போதும் சரியும்.

சுவரின் அடிப்பாகத்தில் உப்புப் பூத்துக் காரை பெயர்வது நம் வட்டாரத்தில் சாதாரணம். கொத்தனார் வந்ததும், "அதையெல்லாம் கொத்திட்டு சிமெண்ட் பூசிடலாம்மா" என்பார். வேண்டாம் என்று சொல். மண்ணிலும் சுண்ணாம்பிலும் கட்டிய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே ஏறி, இடுப்பளவில் இருந்த உப்பு தலை உயரத்துக்குப் போகும். சுண்ணாம்புச் சாந்துதான் அதற்கு மருந்து. நன்றாக நீர்த்த சுண்ணாம்பு, சலித்த ஆற்று மணல், கடுக்காய் ஊறிய தண்ணீர், வெல்லம் சேர்த்து அரைத்துப் பூசுகிற கைப்பக்குவம் தெரிந்த கொத்தனார்கள் காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். கூலி கூடுதலாகும். ஆனால் மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்காமல் சுண்ணாம்பே அடித்து வந்தால் அந்தப் பூச்சு நெடுநாள் நிற்கும், மே மாத 40 டிகிரி வெயிலிலும் உள்ளே குளுமை தெரியும்.

தண்ணீர் ஏன் சுவரடியில் தங்குகிறது என்றும் பார். பழைய வீடுகளில் பாதிப் பிரச்னை தெருவிலிருந்து வருகிறது. ரோட்டுக்கு மேல் ரோடு போட்டுத் தெரு உயர்ந்து, ஒரு காலத்தில் மூன்று படி ஏறிய திண்ணைக்கு இப்போது படியே இல்லை. 2021 மே மாதம் தமிழ்நாடு தலைமைச் செயலாளர், பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று உத்தரவிட்டார். உன் தெருவுக்கு ரோடு போட வரும்போது நீயே வெளியே வந்து நின்று அதைக் கேள். பக்கத்து வீட்டுப் பெண்களையும் சேர்த்துக்கொள். ரோடு போட்டு முடித்த பிறகு மனு எழுதிப் பயனில்லை.

முற்றத்து வடிகாலை ஆடி பிறக்கும் முன் சோதித்துவிடு. பத்துக் குடம் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றி எவ்வளவு நேரத்தில் போகிறது என்று பார். தேங்கினால் குழாய்க்குள் வேர் நுழைந்திருக்கும். முற்றத்தின் மேல் கண்ணாடி இழைத் தகடு போட்டு மூடுகிறவர்கள் நிறைய. அது வெப்பத்தை வீட்டுக்குள் பிடித்து வைக்கும். திருட்டுக்கும் குரங்குக்கும் பயந்தால் இரும்புக் கம்பி வலை போதும். காற்று போக வேண்டும்.

வீடு கௌண்டின்ய ஆற்றுக்குப் பக்கமா? 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி வழிந்து ஆறு இரு கரையும் புரண்டபோது தண்ணீர் எதுவரை வந்தது என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களைக் கேள். வெள்ளத்துக்குப் பிறகு கரையோர ஆக்கிரமிப்பு வீடுகளை அகற்றினார்கள். ஆற்றுப் புறம்போக்கு உன் தோட்டத்து வேலிக்குள் நுழைந்திருக்கிறதா என்று அளந்து தெரிந்துகொள்.

வயரிங் பற்றி இரண்டே வரி. பழைய மரப்பட்டை வயரிங் இருந்தால் முழுவதும் மாற்று. 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே விழுகிற ஆர்சிசிபி கட்டாயம் வை. ஈரச் சுவர் உள்ள வீட்டில் அது உயிர் காக்கும்.

கிணற்றுத் தண்ணீர்

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டித் தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது. ஆயிரக்கணக்கான வீடுகளில் அந்தத் தொழிலால் அடுப்பு எரிகிறது, அதை மறக்கக் கூடாது. ஆனால் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட காலம் போய் குரோமியம் வந்த பிறகு, உப்பும் ரசாயனமும் நிலத்தடி நீரில் இறங்கின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் அது ஒரு மைல்கல். ஆனால் தீர்ப்பினால் கிணறு தித்தித்துவிடாது.

எனவே வீடு வாங்கும் முன்பே தண்ணீரைச் சோதனைக்குக் கொடு. வேலூரில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை இந்தியத் தரக் குறியீடு அனுமதிக்கிறது. குரோமியம் 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஃபுளோரைடு 1.5-க்கு மேல் போகக் கூடாது. குரோமியத்தையும் ஃபுளோரைடையும் தனியாகக் கேட்டு எழுதிக் கொடு, சாதாரணச் சோதனையில் விட்டுவிடுவார்கள். கொதிக்க வைத்தால் கிருமி போகும், உப்பும் குரோமியமும் போகாது. தண்ணீர் தெளிவாக இருக்கிறது, வாடை இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதே. குடிக்க, சமைக்கக் காவிரிக் கூட்டுக் குடிநீர் வரட்டும். கிணறு குளிக்க, துவைக்க, மரத்துக்கு. ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவு நீரைச் செடிக்கு ஊற்றாதே. உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

மழைநீரைக் கிணற்றுக்குத் திருப்புவதுதான் நல்ல வைத்தியம். 1,000 சதுர அடிக் கூரையில் 10 சென்டிமீட்டர் மழை விழுந்தால் 9,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். முதல் மழையை வெளியே விட்டுவிடு. அதற்குப் பிறகு வருவதை மணல், கூழாங்கல், கரி போட்ட தொட்டி வழியாகக் கிணற்றில் இறக்கு. 2003-ல் இதைத் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கினார்கள். அன்று போட்ட குழாய்கள் பல வீடுகளில் உடைந்து தொங்குகின்றன. உன் வீட்டுக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று ஒருமுறை நடந்து பார்.

தூர் வாருவதைப் பங்குனி, சித்திரையில் வைத்துக்கொள். மூடிக் கிடந்த கிணற்றில் விஷவாயு இருக்கலாம். எந்த ஆளையும் தனியாக இறக்காதே. காற்று ஊதும் மெஷின், இடுப்புக் கயிறு, மேலே பிடிக்க ஆட்கள், மூன்றும் இருந்தால்தான் வேலை.

மரங்கள் உன்னைவிட மூத்தவை

வாங்கியதும் மரத்தை வெட்டி இடத்தைச் 'சுத்தம்' செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. காய்க்கிற மாமரத்தை இன்று வெட்டினால் அதே நிழல் வர உனக்கு நரைத்துவிடும். குறைந்தது ஒரு வருஷம் எதையும் வெட்டாமல், எந்த மரம் எப்போது பூக்கிறது, எது எந்தச் சுவருக்கு நிழல் தருகிறது என்று பார். மேற்குச் சுவருக்கு நிழல் தருகிற மரம் உன் கரண்டு பில்லைக் குறைக்கிற மரம்.

ஒன்றுக்கு மட்டும் இரக்கம் காட்டாதே: சுவர் வெடிப்பில் முளைக்கிற அரசும் ஆலும். விரல் நீளம் இருக்கும்போதே வேரோடு பிடுங்கு. தண்டை மட்டும் நறுக்கினால் வேர் உள்ளே தடித்துச் சுவரைப் பிளக்கும்.

கவனிப்பில்லாமல் கிடந்த தென்னையும் திரும்பக் காய்க்கும். வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிற கணக்கு, காய்க்கிற மரம் ஒன்றுக்கு வருஷத்துக்கு 50 கிலோ தொழுவுரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ். ரசாயன உரத்தை இரண்டாகப் பிரித்து, ஆனி ஆடியில் பாதி, மார்கழி தையில் பாதி. அடிமரத்தில் கொட்டாதே, ஆறடி வட்டப் பாத்தியில் போட்டு மண்ணை அணைத்துத் தண்ணீர் விடு. மட்டையையும் உரிமட்டையையும் எரிக்காமல் அதே பாத்தியில் கவிழ்த்து அடுக்கினால் கோடையில் ஈரம் நிற்கும். குருத்தோலை கத்தரித்தாற்போல் விரிந்தால் காண்டாமிருக வண்டு வந்திருக்கிறது. ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பானைகளில் வைத்தால் வந்து விழும். பக்கத்தில் மக்காத எருக்குழி இருந்தால் அதைக் கிளறிப் புழுவை எடு, அங்கேதான் வளர்கிறது. ஓட்டுக்கூரை மேல் சாய்ந்த தென்னையில் முற்றிய காயை விட்டு வைக்காதே.

மாவைக் காய் இறங்கிய பிறகு கவாத்து செய். உள்ளே வெளிச்சம் விழுகிற அளவுக்குக் காய்ந்த கிளை, குறுக்குக் கிளை போதும். தண்ணீர் கொஞ்சம் உப்பாக இருந்தால் புதிதாக வைக்கச் சப்போட்டா, மாதுளை, கொய்யா நல்லது. எலுமிச்சை உப்பைத் தாங்காது.

தோட்டத்து மூலையில் சந்தன மரம் தானாக வளர்ந்திருக்கலாம். ஜவ்வாது மலைக்குப் பக்கம் இருக்கிறோம். பட்டா நிலத்தில் இருந்தாலும் நீயே வெட்டவோ விற்கவோ முடியாது, வனத்துறை வழியாகத்தான். எனவே இருந்தால் வனத்துறையில் பதிவு செய்துவிடு. மோர்தானா, பரதராமி காட்டோரமாக வீடு இருந்தால் வாழையைச் சுவருக்கு ஒட்டி வைக்காதே. ஆந்திரத்துக் கௌண்டின்ய சரணாலயத்து யானைகள் இந்தப் பக்கம் இறங்குவது எல்லோருக்கும் தெரியும். யானை வந்தால் பட்டாசோடு ஓடாமல் வனத்துறைக்குப் போன் செய்.

பழைய செங்கல், விறகு, மட்டைக் குவியலை வீட்டை ஒட்டிப் போட்டால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். கடித்துவிட்டால் கட்டுப் போடாதே, கீறாதே, நாட்டு வைத்தியர் வீட்டுக்கு ஓடாதே. கையைக் காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடு. குடியாத்தம் அரசு மருத்துவமனை, அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை, வேலூர் சிஎம்சி என்று நமக்குப் பக்கத்திலேயே வசதி இருக்கிறது.

பின்கட்டைப் பூட்டி வைக்காதே

ஆள் புழங்காத கட்டடம்தான் முதலில் இடியும். தறிக்கொட்டகையாக இருந்தால் நெசவாளர் யாருக்காவது கொடுக்க முடியுமா என்று முதலில் பார். குடியாத்தம் என்றாலே கைலிதான். அந்தச் சத்தம் அந்தச் சுவருக்குப் பழக்கம். கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்டும் விசைத்தறிக்கு 1,000 யூனிட்டும் இலவச மின்சாரம் உண்டு, அதற்குத் தனி இணைப்பு வேண்டும். வீட்டு இணைப்பிலேயே கடையோ கம்பெனியோ நடத்தவிட்டால் அபராதம் உன் தலையில் விழும்.

நம் கிராமங்களிலிருந்து எத்தனையோ பெண்கள் விடியற்காலையில் ஷூ கம்பெனி பஸ் ஏறி ஆம்பூர் போகிறார்கள். அவர்களில் ஒருவர் பிள்ளைகளோடு குடியிருக்கக் கேட்டால் கொடு. தனி வாசல், தனிக் கழிவறை, தனி மீட்டர் வைத்துக் கொடு. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, அதைப் பதிவு செய்துவிடு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது.

வாடகை வேண்டாம், பெரியவர்களுக்கு ஒதுக்கலாம் என்றால் இன்னும் சந்தோஷம். படியில்லாத வாசல், கைப்பிடி வைத்த கழிவறை, ராத்திரி எழுந்தால் கைக்கு எட்டுகிற சுவிட்சு.

பின்கட்டைக் காலி செய்யும்போது பரண் மேல் இருக்கிற ட்ரங்குப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் பழைய சாமான்காரரிடம் போடாதே. 1954-ல் காமராஜர் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்த காலத்துப் போட்டோ, நோட்டீஸ், நெசவுக் கணக்கு, மூலப்பத்திரம், எது வேண்டுமானாலும் இருக்கும்.

பத்திரமும் பங்கும்

வீடும் தோட்டமும் ஒரே சர்வே எண் என்று நினைத்துக்கொள்ளாதே. வீடு கிராம நத்தத்திலும் தோட்டம் புஞ்சைப் பட்டாவிலும் இருப்பது வழக்கம். பின்கட்டு இரண்டுக்கும் நடுவில் ஏறி நிற்கும், சில சமயம் பக்கத்து வீட்டுக்காரர் எல்லைக்குள்ளும் போயிருக்கும். பட்டா, புலப்படம் இரண்டையும் அரசின் இணைய சேவையில் எடுத்து, சர்வேயரை வைத்து அளந்துவிடு. வில்லங்கம் 30 வருஷத்துக்குக் குறையாமல் போட்டுப் பார். விலைக்கு வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, 10 லட்ச ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. உன் பெயரிலேயே வாங்கு.

பூர்விக வீடாக இருந்தால் கேள். 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 23-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பம் குடியிருக்கிற வீட்டை, ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முடிவு செய்கிற வரை மகள் பாகம் கேட்க முடியாது என்றது அது. நம் அம்மாக்கள், அத்தைகள் பலர் அந்தப் பிரிவின் கீழ்தான் வாயைத் திறக்காமல் இருந்தார்கள். தமிழ்நாடு 1989-லேயே மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு கொடுத்தது. அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அது கிடைக்கவில்லை. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுக்க மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு, 23-வது பிரிவும் நீங்கியது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. முஸ்லிம் குடும்பங்களில் ஷரியத் கணக்குப்படி மகளுக்குப் பங்கு உண்டு. ஆக, யார் வீடாக இருந்தாலும் அக்கா தங்கை கையெழுத்து இல்லாத பத்திரம் முழுப் பத்திரம் ஆகாது. வாங்கப் போகிறாயா? வாரிசுச் சான்றிதழில் இருக்கிற ஒவ்வொரு பெண்ணின் கையெழுத்தையும் கேட்டு வாங்கு. அண்ணன் தம்பிக்கு மனமுவந்து விட்டுக்கொடுக்கிறாயா? தாராளமாகக் கொடு, ஆனால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடு. குடும்பத்துக்குள் எழுதுகிற இந்தப் பத்திரங்களுக்குத் தீர்வை 1 சதவீதம்தான், அதிலும் 40,000 ரூபாய் உச்சவரம்பு.

அம்மா இருக்கும்போதே இதைப் பேசி முடித்துவிடுங்கள். வருகிற சிரசுக்கு எல்லோரும் வீட்டில் கூடும்போது, சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பட்டாவையும் புலப்படத்தையும் நடுவில் வைத்து, கல்யாணமாகிப் போன பெண்களையும் கூட உட்கார வைத்துப் பேசுங்கள். பேசி முடித்ததைத் தள்ளிப்போடாமல் குடியாத்தம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள்.